முதலில் கோப்பு, பிறகுதான் தையல் இயந்திரம்

மலேசியாவில் சிலாங்கூர் ஆற்றோரம் இருக்கும் பெஸ்தாரி ஜெயாவுக்கு அந்தப் பெயர் 2007-இல் வந்தது. சுற்றுத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் பழைய தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுக்கும் மேலாகக் காத்துக் கிடந்தது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

தோட்டம் கைமாறியபோது வேலையோடு லயத்து வீடு போனது. பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகை போனது, தோட்டத்து ஆஸ்பத்திரி போனது. கிராணியின் (தோட்டத்துக் குமாஸ்தாவின்) ஏடும் போனது, ஆனால் அதை யாரும் இழப்பாக நினைக்கவில்லை. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்ட காலத்தில் ஒருவர் இன்னார் மகன், இந்த டிவிஷன், இன்ன வருஷம் வேலைக்கு வந்தார் என்பதற்கு அந்த ஏடே போதும். பட்டணத்துப் பிளாட்டுக்கு வந்த பிறகு மைகார்டு என்ற அடையாள அட்டை ஒன்றுதான் சாட்சி. அது இல்லாத வீட்டில் வறுமை வேறு மாதிரி நடந்துகொள்கிறது. எவ்வளவு உழைத்தாலும் அங்கே காசு தங்குவதில்லை.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரு மாதிரிப் புளோக்: ஐந்து மாடி, மின்தூக்கி கிடையாது, மாடிக்கு 12 வீடாக 60 வீடுகள். தோட்டப் பட்டணங்களின் மலிவு விலை அடுக்குமாடிகளில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் நிலைமைகளை ஒரே புளோக்கில் சேர்த்து வைத்திருக்கிறோம். தனிப்பட்ட குடும்பம் எதையும் இது குறிப்பதில்லை. தொண்டர் குழு ஒன்று இங்கே ஓர் ஆவண மேசை போட்டு, அதைக் குடியிருப்பவர்களிடமே ஒப்படைத்து வெளியேறுவது எப்படி என்பதுதான் ஆய்வு.

தையல் இயந்திரம் ஏன் தூசி படிகிறது

தொண்டர்கள் வழக்கமாகக் கொண்டுவருவது மூன்று: தீபாவளிக்கு அரிசியும் எண்ணெயும் கொண்ட பொட்டலம், பிள்ளைகளுக்கு டியூஷன், அம்மாக்களுக்குத் தையல் வகுப்பு. மூன்றிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, வரிசைதான் தப்பு.

தையல் கற்ற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மைகார்டு இல்லை என்றால் வங்கிக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாதவருக்குச் சிறுதொழில் கடன் தரும் டெக்குனின் ஸ்பூமி (இந்தியர்களுக்கான) கடன் இல்லை. மைகார்டு இல்லாதவருக்கு எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் வணிகப் பதிவும் இல்லை. ரவிக்கை தைத்த கூலியைப் பக்கத்து வீட்டார் கையில் கொடுத்தால்தான் உண்டு. அரசின் சாரா உதவி மைகார்டிலேயே வரவாகிறது. பதிவு பெற்ற கடையில் அட்டையைக் கொடுத்துத்தான் சாமான் எடுக்க முடியும். ஆக, உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் வீட்டுக்குத்தான் எதுவும் போய்ச் சேருவதில்லை. அந்த வீட்டுக்காரி உரிமமில்லாத வட்டிக்காரரான ஆலோங்கிடம் போகிறாள். இயந்திரம் அடகுக்குப் போகிறது, அல்லது மூலையில் துணி மூடி நிற்கிறது.

முதலில் ஆவணம், அடுத்தது கடன், மூன்றாவதாகத்தான் வருமானம். இதை மாற்றிப் போட்டால் செலவான பணம் மட்டுமல்ல, தொண்டர் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும்.

கணக்கெடுப்பு

ஒரு வீட்டுக்கு 40 நிமிடம் ஆகும். 60 வீட்டுக்கு 2,400 நிமிடம், அதாவது 40 மணி நேரம். இரண்டு பேர் கொண்ட நான்கு ஜோடிகள் இருந்தால் ஜோடிக்கு 10 மணி. ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரை போனால் நான்கு வாரத்தில் முடியும். இரவில் போகாதீர்கள். பாதிப் பேர் தொழிற்சாலை ஷிப்டிலோ காவல் வேலையிலோ இருப்பார்கள், மீதிப் பேர் சீரியலை நிறுத்திவிட்டுப் பேச மனசில்லாமல் இருப்பார்கள். ஜோடியில் ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும். கல்யாணம் பதிவானதா, இந்தப் பிள்ளை யார் பெற்றது என்பதெல்லாம் ஆண் தொண்டரிடம் வாய்விட்டு வரும் பேச்சல்ல.

முதல் நாள் “ஐசி இருக்கா?” என்று அடையாள அட்டையைப் பற்றிக் கேட்டால் எல்லா வீட்டிலும் “இருக்கு” என்றுதான் பதில் வரும். இல்லை என்று சொல்வது வெட்கம், அதோடு போலீஸ் பயமும் உண்டு. ஆகவே தாளைப் பார்க்கக் கேளுங்கள்: “அக்கா, பிள்ளைங்க பிறப்புப் பத்திரத்தைக் கொஞ்சம் காட்டுறீங்களா? பேர் எழுத்து எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கான்னு பாத்துருவோம்.” எழுத்துப் பிழை பார்க்க வந்தவர் என்றால் தாள் வெளியே வரும். எதுவெல்லாம் வரவில்லையோ அதுவே உங்கள் பட்டியல்.

எழுத்துப் பிழையும் சின்ன விஷயமல்ல. மாரியாயி என்ற பெயரை ரோமன் எழுத்தில் ஒரு கிராணி ஒரு விதமாக எழுதியிருப்பார், பள்ளிக்கூடத்தில் இன்னொரு விதம், ஈபிஎப் என்ற சேமநிதியில் மூன்றாவது விதம். தகப்பன் பெயருக்கு முன் மகன், மகள் என்று குறிக்க வரவேண்டிய ஏ/எல், ஏ/பி ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. கிழவர் இறந்தபின் சேமநிதிப் பணம் எடுக்கப் போகும் மனைவி இதில்தான் மாட்டிக்கொள்கிறார். பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை நிலையைச் சொல்லும் வரியையும் அன்றைக்கே படியுங்கள். பத்திரம் கையில் இருப்பதாலேயே பிள்ளை குடிமகன் என்று நம்பிப் பன்னிரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டு, மைகார்டு எடுக்கும் வயதில் பதிவு அலுவலக முகப்பில் (கவுண்டரில்) போய்த் திகைத்து நிற்கும் வீடுகள் உண்டு.

வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பு, 20 உறை கொண்டது. மூலத்தாள் வீட்டிலேயே இருக்க வேண்டும். தொண்டர் ஒரு நாள்கூட அதை வைத்துக்கொள்ளக் கூடாது. நகல் மூன்று செட்: ஒன்று முகப்புக்கு, ஒன்று வீட்டுக்கு, ஒன்று மேசைக்கு. மைகார்டுப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது கண்டிப்பாகக் கூடாது. அந்தப் படம் யார் பெயரில் கடனாகத் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

ஐந்து வகை வீடுகள்

தாள் இல்லை என்பது ஒரே நோய் அல்ல. வகை பிரிக்காமல் எல்லாரையும் ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு தேசியப் பதிவுத் துறைக்குப் போனால் எல்லாரும் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

எளிதானது தொலைந்த மைகார்டு. அபராதம் முதல் தடவை 100 ரிங்கிட், இரண்டாவது 300, மூன்றாவது முதல் 1,000; கூடவே 10 ரிங்கிட் கட்டணம். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு மூன்றாவது தடவை என்பது பாதிச் சம்பளத்துக்கு மேல். அதனால்தான் பலர் வருஷக் கணக்கில் அட்டையில்லாமல் இருக்கிறார்கள். வெள்ளத்திலோ தீயிலோ திருட்டிலோ போனது வேறு கணக்கு. அதற்கு உடனடியாகச் செய்த போலீஸ் புகார் வேண்டும். ஆலோங் பிடுங்கி வைத்திருக்கும் அட்டையைத் “தொலைந்தது” என்று எழுதிக் கொடுக்கத் தொண்டர் யோசனை சொல்லக் கூடாது. பொய்ப் புகார் பிறகு குடும்பத்தின் தலையில்தான் விழும்.

இரண்டாவது, பிறப்பே பதியாத பிள்ளை. தாய்க்கே அட்டை இருக்காது, கேட்பார்களே என்று பயந்து பதியாமல் விட்டிருப்பார். இங்கே தாமதப் பதிவுக்கு வேண்டியது சாட்சித் தாள்கள்: மருத்துவமனையிலிருந்து வெளியான நாளின் சீட்டு, கிளினிக்கின் தடுப்பூசிப் புத்தகம், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு, தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளரான டிரெசரின் ஏடு கிடைத்தால் அதுவும், சத்தியப் பிரமாணப் பத்திரமும். வட்டாரத்தின் இந்தியச் சமூகத் தலைவர் அல்லது பெங்குலு (வட்டாரத் தலைவர்) தரும் உறுதிக் கடிதம் கூட இருந்தால் நல்லது. பெரியவர்களுக்கான பதிவு என்றால் ஆண்டைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். “பாட்டி, மே 13 கலவரத்தப்ப இவரு கைக்குழந்தையா, நடக்கிற பிள்ளையா?” என்றால் பதில் வரும். 1969-இல் நடந்த அந்தக் கலவரம் போல 1971 ஜனவரி வெள்ளமும் ஒரு மைல்கல்தான்.

மூன்றாவது வகையில்தான் தொண்டர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவாக வேண்டும். அதற்கு முன் கோயிலில் முறைப்படி நடந்த கல்யாணத்தைச் சட்டம் பதிவானதாகவே எடுத்துக்கொள்கிறது. பின்னால் நடந்தவை தாலி ஏறியும் பதியாமல் போயிருந்தால், சட்டத்தின் கண்ணில் பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்தது. அப்படிப்பட்ட பிள்ளையின் குடியுரிமையை அரசியலமைப்பு தாயைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறது. தாய் குடிமகள் என்றால் சிக்கல் சிறியது, தகப்பன் பெயரைச் சேர்ப்பது தொடர்பான வேலை மட்டுமே. தாய் இந்தோனேசியாவிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்தவர் என்றால், தகப்பன் எத்தனை தலைமுறை மலேசியராக இருந்தாலும் பிள்ளை “குடியுரிமை இல்லாதவர்” ஆகிவிடுகிறது. பெற்றோர் இப்போது பதிவுத் திருமணம் செய்து, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிள்ளையைச் சட்டபூர்வமானதாக்க விண்ணப்பிக்கலாம். அதனால் குடியுரிமை தானாக வந்துவிடாது. அது தனி மனு, தனிக் காத்திருப்பு. இதைக் குடும்பத்துக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஆசை காட்டிவிட்டு இரண்டு வருஷம் கழித்துச் சொல்வது கொடுமை.

நான்காவது, சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அட்டை) வைத்திருக்கும் பாட்டி. 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியபோது, தோட்டங்களில் வாழ்ந்த பல குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறின. ஏறாமல் நின்றவர்களில் பலர் சிவப்பு அட்டையோடு முதுமை அடைந்தார்கள். பாட்டி மெர்டேக்காவுக்கு (1957 விடுதலைக்கு) முன் இந்த மண்ணில் பிறந்தவர் என்று காட்ட முடிந்தால் அரசியலமைப்பின் 16-ஆம் விதி பொருந்தும். அதற்கு அடிப்படை மலாய் போதும். வெளியே பிறந்தவர் என்றால் 19-ஆம் விதி, மலாய் மொழியில் போதிய அறிவு வேண்டும். எந்த விதியில் மனுப் போடுவது என்பதை ஆராயாமல் போட்டுவிட்டுப் பாட்டி தேர்வில் தோற்றார் என்று வருந்துவதில் பயனில்லை. பாட்டிக்கு நீல அட்டை (குடிமக்கள் அட்டை) கிடைக்காவிட்டாலும் அவர் பிள்ளைகளைப் பாருங்கள். பெற்றோரில் ஒருவர் பிள்ளை பிறந்த நேரத்தில் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், நாட்டில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்ற விதியின் கீழ் அவர்கள் வருவார்கள். 2024 அக்டோபரில் மக்களவை ஏற்ற திருத்தம் குடியுரிமை விதிகளில் மாற்றம் கொண்டுவருகிறது. ஆகவே ஒவ்வொருவரின் பிறந்த தேதியையும் வைத்துக்கொண்டு சட்ட உதவி மையத்தின் வழக்கறிஞரிடம் ஒரு தடவை சரிபார்ப்பது அவசியம்.

ஐந்தாவது, கைமாறி வளர்ந்த பிள்ளை. பெற்றவள் எங்கோ போய்விட்டாள், பெரியம்மாவோ கோயில் வாசலில் பழக்கமான ஒருவரோ எடுத்து வளர்த்தார். இரண்டு வருஷம் தொடர்ந்து வளர்த்திருந்தால் தத்தெடுப்பைப் பதிவுத் துறையிலேயே பதியும் வழி இருக்கிறது. பெற்றவள் யார் என்ற தாளே இல்லையென்றால் நீதிமன்றம்தான். தொண்டர் இங்கே தன் கையை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைக் கூப்பிட வேண்டும்.

முகப்புக்குப் போகும் நாள்

மாதம் 1,700 ரிங்கிட்டை 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 65 ரிங்கிட் சொச்சம். ஒரு முறை அலைவது என்றால் இந்தக் கூலியும் போக்குவரத்தும் சேர்ந்து போகிறது. தாள் குறைவாகப் போய் மூன்று தடவை திரும்பிய குடும்பம் நான்காவது தடவை போகாது. ஆகவே ஒரே வகையைச் சேர்ந்த ஆறு, ஏழு குடும்பங்களை ஒரு வேனில், ஒரே நாளில் அழைத்துப் போங்கள். முந்தின இரவு கோப்பைத் திறந்து உறை உறையாகச் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலான தோல்விகள் முகப்பில் நடப்பதில்லை, முந்தின இரவே நடந்து முடிந்துவிடுகின்றன.

திரும்பும்போது கையில் மூன்று இருக்க வேண்டும்: ரசீது, மனுவின் குறிப்பு எண், கேட்ட அதிகாரியின் முகப்பு எண். “பிறகு வாங்க” என்று வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. என்ன குறை என்பதை ஒரு தாளில் எழுதித் தரப் பணிவாகக் கேளுங்கள், எழுதித் தருவார்கள். 2011-இல் இந்திய சமூகத்துக்கென்று நடந்த மைடாஃப்தார் பதிவு இயக்கத்தில் பெயர் கொடுத்தோம் என்று சொல்லும் பெரியவர்களிடம் அந்தக் காலத்து ரசீதைத் தேடச் சொல்லுங்கள். சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கும்.

வேன் போகும் விஷயம் தெரிந்ததும் ஏஜெண்டு வருவார். சில ஆயிரம் கொடுத்தால் ஆறு மாதத்தில் நீல அட்டை என்பார். அப்படி வாங்கிய அட்டை போலியாக இருந்தால் அதை வைத்திருப்பவர்தான் நீதிமன்றத்தில் நிற்பார், ஏஜெண்டு நிற்கமாட்டார். பள்ளிக்கூடம், கோயில், சாப்பாட்டுக் கடை என்று மூன்று இடத்தில் மனுக் கட்டணம் எவ்வளவு என்று பெரிதாக எழுதி ஒட்டினால் ஏஜெண்டின் வியாபாரம் பாதி குறையும்.

பேச்சை ஒப்படைப்பது

தொண்டர் மலாயில் சரளமாகப் பேசுவார், அதனால் எல்லாவற்றையும் அவரே பேசிவிடுவார். வேலை விரைவில் முடியும். அவர் வேலை மாற்றிக் கோலாலம்பூருக்குப் போன மறுமாதம் மேசையும் முடியும்.

மாடிக்கு இருவராகப் பத்துப் பேரைக் குடியிருப்பவர்களிலிருந்தே எடுக்க வேண்டும். படித்தவர்களைத் தேடாதீர்கள். யார் வீட்டுச் சாவு, கல்யாணத்துக்கு யாரை முதலில் கூப்பிடுகிறார்களோ அந்த அக்காதான் சரியான ஆள். முதல் பயணத்தில் தொண்டர் பேசுவார், அக்கா கேட்பார். இரண்டாவதில் அக்கா பேசுவார், தொண்டர் பக்கத்தில் இருப்பார். மூன்றாவதில் தொண்டர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், உள்ளே வரக் கூடாது. அக்காவுக்கு வேண்டிய மலாய் முப்பது சொல்தான்: போராங் (படிவம்), சாலினான் (நகல்), ரெசிட் (ரசீது), சூராட் அக்குவான் (உறுதிமொழிப் பத்திரம்), நோம்போர் ருஜுக்கான் (குறிப்பு எண்), இப்படி. பால்மரக் காட்டில் மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) மலாய் பேசிப் பழகிய தலைமுறைக்கு இது பெரிய மலை அல்ல. எழுத்தைப் பார்த்ததும் வரும் நடுக்கம்தான் மலை.

பத்துப் பேரில் மூன்று நான்கு பேர் விலகுவார்கள். கணவர் தடுப்பார், ஷிப்டு மாறும், மாடிச் சண்டை வரும். இருவராக வைப்பது அதற்காகத்தான். போக்குவரத்துக் காசை மேசை கொடுக்க வேண்டும். சம்பளம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அந்த வேலைக்குப் போட்டி வரும், போட்டியோடு கட்சியும் வரும். தேர்தல் நெருங்கும்போது மேசையின் பின்னால் யாருடைய பதாகையும் தொங்கக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கடனும் வருமானமும், சுருக்கமாக

அட்டை கைக்கு வந்த வாரமே அதைப் பறிக்க ஆள் வரும். உதாரணத்துக்கு, ஆலோங்கிடம் 1,000 கேட்டவர் கையில் 800 வாங்குகிறார், வாரம் 100 வட்டி. பத்து வாரத்தில் 1,000 கட்டிய பிறகும் முதல் அப்படியே நிற்கிறது. உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கச் சட்டம் விடாது. அதே ஆயிரத்துக்கு ஆண்டு முழுவதும் 180. இந்த இரண்டு கணக்கையும் சுவரில் எழுதிக் காட்டுவது எந்த நிதி வகுப்பையும் விட வேலை செய்கிறது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் ஆலோசனை நிறுவனம் ஏகேபிகே இலவசமாகத்தான் உதவுகிறது, ஆனால் ஆலோங் கடனுக்கு அல்ல. ஏடிஎம் அட்டையைச் சில நூறு ரிங்கிட்டுக்கு வாடகைக்கு விடுவது 2024 இறுதியிலிருந்து தனிக் குற்றம். பையன்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சேமிப்புக்கு எல்லாரும் உடனே சொல்வது கூட்டு, அதாவது எல்லாரும் பணம் போட்டு முறை வைத்து எடுக்கும் சீட்டு. கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டத்தின் பெயரிலேயே நம் “கூட்டு” இருக்கிறது. தலைவி ஓடிவிட்டால் யாரிடமும் புகார் சொல்ல வாய் வராது. ஆகவே ஆளுக்கு ஒரு பிஎஸ்என் (தேசிய சேமிப்பு வங்கி) கணக்கு, மாதம் ஒரு நாள் எல்லாரும் கணக்கேட்டோடு ஒரே வீட்டில் கூடிப் பார்ப்பது என்று வையுங்கள். காசு கலக்காது, கூட்டின் கட்டுப்பாடு மட்டும் இருக்கும். பத்து வெள்ளி (ரிங்கிட்) பத்து வெள்ளியாகச் சேர்த்தே தோட்டம் வாங்கிய வரலாறு இங்கே உண்டு. துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குதாரர்கள் யார் என்று பாட்டியைக் கேளுங்கள். பங்குத் தாளும் அந்தச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கலாம். இருந்தால் வாரிசுப் பெயர் மாற்றம் இன்னொரு கோப்பு.

இப்போது தையல் இயந்திரத்தைக் கொண்டுவரலாம். பலகாரம் செய்து விற்பவருக்கு உணவு கையாளுவோர் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் வேண்டும். எஸ்எஸ்எம் பதிவு சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப் பெயரில் 60. இல்லத்தரசிகளுக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு ஆண்டுக்கு 120 ரிங்கிட். அடுப்படியில் கை வெந்து சிகிச்சை தேவைப்படும்போதுதான் அந்த 120-இன் அருமை தெரியும்.

மூடாத கோப்புகள்

ஓராண்டு முடிவில் தொலைந்த அட்டைகளும் எழுத்துப் பிழைகளும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். தாமதப் பதிவுகள் நகர்ந்துகொண்டிருக்கும். மூன்றாம், நான்காம் வகைக் கோப்புகள் அப்படியே கிடக்கும். காரணம் சொல்லாமல் மனு தள்ளுபடியாகிக் கடிதம் வரும். மேசையைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது அந்தக் கடிதம் வந்த நாளில் தொண்டர் அந்த வீட்டுக்குப் போனாரா இல்லையா என்பதைப் பொறுத்தது. போய் டீ குடித்துவிட்டு, கடிதத்தை 20-ஆவது உறையில் போட்டு, மறுமனுவுக்கு நாள் குறிக்க வேண்டும்.

அந்தக் கோப்புகளை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, அந்த மாடி அக்காவே திறந்து பார்ப்பார். மேல் அட்டையில் அடுத்த முகப்பு நாளைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனாவால் எழுதினால் அட்டையில் இடம் போதாது.